மறுசுவாசக் கருவி: வாயுக் கலவைப் பாதுகாப்பு

முக்குளிப்பவர் வெளிவிடும் மூச்சையே திரும்பச் சுவாசிக்க வைக்கும் கருவி. சோடா சுண்ணாம்பு நிரப்பிய குடுவை கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொள்ளும். உடல் செலவழித்த ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து ஈடுசெய்யப்படும். ஆபத்தும் இங்கேதான். ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 0.16 பாருக்குக் கீழே இறங்கினால் முன்னறிகுறி இல்லாமலே மயக்கம் வரலாம், 1.6 பாரைத் தாண்டினால் வலிப்பு வரலாம். நீருக்கடியில் இரண்டுமே உயிரைக் குடிப்பவை. தூய ஆக்சிஜன் 6 மீட்டர் ஆழத்திலேயே அந்த மேல் எல்லையைத் தொட்டுவிடுகிறது.

இந்த எல்லைகளை அறியத் தம் உடலையே சோதனைக்குக் கொடுத்தவர்களில் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.பி.எஸ். ஹால்டேன் முக்கியமானவர். 1939இல் தீட்டிஸ் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பலில் 99 பேர் இறந்தபின், அழுத்த அறைக்குள் அமர்ந்து தாமே ஆக்சிஜனைச் சுவாசித்தார். வலிப்பில் அவருடைய முதுகெலும்புக் கணுக்கள் சில நொறுங்கின.

இன்றைய கருவிகள் பலவற்றில் மூன்று ஆக்சிஜன் உணரிகள் உண்டு. ஆனால் ஒரே காலத்தில் பழசான உணரிகள் மூன்றும் சேர்ந்தே தவறாகக் காட்டக்கூடும். இறங்குமுன் ஆக்சிஜன் அளவைக் காட்டும் திரையைப் பார்த்தபடி சில நிமிடம் சுவாசித்துச் சரிபாருங்கள். நீருக்குள் சிறு ஐயம் எழுந்தாலும் தனியாக எடுத்துச்செல்லும் மாற்றுச் சிலிண்டருக்கு உடனே மாறிவிடுங்கள்.