ஒரு கம்பியை மிச்சம் பிடித்த கதை

பினாங்கில் ஆயர் ஈத்தாம் நோக்கிப் போகும் டத்தோ கிராமாட் சாலையில் ஒரு காலத்தில் டிராம் ஓடியது. 1880களில் நீராவியில் தொடங்கிய பினாங்கு டிராம், 1904இல் ஜார்ஜ்டவுனுக்கு மின்சாரம் வந்த சூட்டோடு, 1906க்குள் மின்வண்டியானது. தலைக்கு மேலே ஒற்றைக் கம்பி. அதன் வழியே மோட்டாருக்கு வரும் மின்சாரம் தண்டவாளம் வழியே மின்நிலையத்துக்குத் திரும்ப வேண்டும்.

திரும்பியதென்னவோ உண்மை, ஆனால் முழுவதும் தண்டவாளத்திலேயே அல்ல. ஒரு பங்கு ஈர மண்ணிலும் தண்ணீர்க் குழாய்களிலும் கசிந்து தன் போக்கில் போனது.

தொடக்கக் காலத் தொலைபேசியும் இதே சிக்கனத்தில் பிறந்ததுதான்: வாடிக்கையாளருக்கு ஒரே கம்பி, மறுமுனை பூமிக்குள். இரண்டு தொழிலும் ஆளுக்கொரு கம்பியை மிச்சம் பிடிக்க, ஒரே மண்ணை இலவசமாக நம்பின. டிராம் வந்த ஊர்களில் தொலைபேசிக் காதுக்குழலில் உறுமல் கேட்டதற்கு இந்தக் கஞ்சத்தனமே காரணம். தண்டவாளத்தின் இரு இடங்களுக்கிடையே 7 வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு கூடாது என்று பிரிட்டனின் வர்த்தக வாரியம் விதி போட வேண்டியதாயிற்று.

பாதிக்கப்பட்டது தொலைபேசி மட்டுமல்ல. 1896இல் மின்டிராம் ஓடத் தொடங்கிய கேப் டவுனில் கடலடித் தந்திச் சமிக்ஞைகள் குழம்பின. பம்பாயில் கொலாபா ஆய்வகம் பூமியின் காந்தப்புலத்தை அளந்து வந்தது. டிராம் மின்மயமாகப் போகிறது என்றதும், அந்த அளவீட்டை 1904இல் கடலுக்கு அப்பால் அலிபாகுக்குக் கொண்டுபோனார்கள். 1907இல் பம்பாயில் மின்டிராம் வந்தபோது காந்தமானிகள் எட்டாத தூரத்தில் இருந்தன. முன்கூட்டியே யோசித்த அரசாங்க வேலைகளில் இது ஒன்று.

தொலைபேசிக்கு மருந்து எளிது, செலவுதான் அதிகம்: பூமியைக் கைவிட்டு இரண்டாவது கம்பி இழுப்பது. மண் கசிவு நின்றாலும், பக்கத்தில் இணையாக ஓடும் மின்கம்பி தொடாமலேயே தொலைபேசிக் கம்பியில் மின்னோட்டத்தைத் தூண்டும். அதனால் சில கம்பங்களுக்கு ஒருமுறை இரு கம்பிகளையும் இடம் மாற்றிக் கட்டினார்கள். ஒரு கம்பியில் ஏறும் இரைச்சல் மற்றதிலும் அதே அளவு ஏறி, ஒன்றையொன்று அடித்துவிடும். கேபிளுக்குள் ஜோடி ஜோடியாகக் கம்பிகளை முறுக்குவதும் இதற்காகத்தான்.

ஜார்ஜ்டவுனில் 1925இல் டிராலிபஸ் வந்தது. டிராம் 1936இல் விடைபெற்றது. டிராலிபஸ்ஸுக்கு ரப்பர் சக்கரம், தண்டவாளம் கிடையாது. ஆகவே போக ஒன்று, வர ஒன்று என மேலே இரண்டு கம்பிகள். தொலைபேசியை நினைத்து யாரும் அதை வாங்கவில்லை. ஆனாலும் மண்ணுக்குள் மின்சாரம் கசியும் தொல்லை அதோடு தீர்ந்தது.

ஆனால் டிராலிபஸ்ஸும் பரம சாது அல்ல. மேலே கம்பியைத் தொட்டு ஓடும் அதன் கொம்பு, கம்பி இணைப்புகளைத் தாண்டும்போதெல்லாம் தெறிக்கும் பொறி வானொலியில் கரகரக்கும். பினாங்கு வானொலிச் சங்கம் 1934இல் தமிழ் உட்பட நான்கு மொழிகளில் ஒலிபரப்பைத் தொடங்கியபோது டிராலிபஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. 1961 வரை ஓடியது.