குழந்தைத்தனம் நீங்கிய குழந்தை உள்ளம்

‘குழந்தைத்தனம்’, ‘குழந்தை உள்ளம்’ என்னும் இரண்டும் ஒரே சொல்லிலிருந்து கிளைத்தவையாயினும், தமிழ் வழக்கில் முன்னது குறையாகவும் பின்னது பேறாகவும் கருதப்படுகின்றன. மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் இயேசு ஒரு சிறு பிள்ளையைச் சீடர் நடுவே நிறுத்தி, அப்பிள்ளையைப் போல் மாறுவோருக்கே விண்ணரசு என்று போதிக்கும்போது வேண்டுவது பின்னதையே என்பதைத் தம் வாழ்வால் விளக்கியவர், தமிழ்நாட்டுப் பள்ளிகள் பலவற்றின் பெயரில் ‘சிறுமலர்’ என்று விளங்கும் லிசியே நகரத்துப் புனித தெரேசா.

பிரான்சின் அலன்சோன் நகரில் 1873 சனவரி 2ஆம் நாள் பிறந்த அவர், நான்கரை வயதில் தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். துடிப்பான அச்சிறுமி அதன்பின் சிறு சொல்லும் பொறாதவராகி, அழுவதும் அழுததை எண்ணி மறுபடி அழுவதுமாக வளர்ந்தார். 1886ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசை முடிந்து குடும்பத்தார் வீடு திரும்பினர். கணப்படுப்பின் அருகே பிள்ளைகளின் காலணிகளில் பரிசு வைக்கும் பிரெஞ்சு வழக்கம் இன்னமும் கடைக்குட்டிக்காக அங்கே தொடர்ந்தது. களைத்திருந்த தந்தை, நல்லவேளை இதுவே கடைசி ஆண்டு என்று சலித்துக்கொண்டது, மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்த பதின்மூன்று வயது மகளின் செவியில் விழுந்தது. கண் கலங்கிய தங்கையை, இப்போது கீழே போக வேண்டாம் என்று அக்காள் செலின் தடுத்தார். தெரேசாவோ கண்ணீரை விழுங்கிக்கொண்டு இறங்கி வந்து, பரிசுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி மகிழ, தந்தையும் சிரித்துவிட்டார். தாயோடு போய்விட்ட மனவலிமை அன்றிரவு மீண்டு வந்ததாகத் தெரேசா பிற்காலத்தில் குறித்தார். சலுகைக்கு ஏங்கும் குழந்தைத்தனம் விடைபெற்ற அந்தப் படிக்கட்டிலேயே குழந்தை உள்ளத்தின் வரலாறு தொடங்குகிறது எனலாம்.

1888 ஏப்ரல் 9ஆம் நாள், பதினைந்தாம் வயதில், அவர் லிசியேயிலிருந்த கார்மேல் மடத்தில் சேர்ந்தார். வெளியுலகத் தொடர்பைத் துறந்து, செபத்திலும் கைவேலையிலும் காலங்கழிக்கும் கன்னியரின் அடைப்பு மடம் அது. அங்கே துணி துவைக்கும் இடத்தில் எதிரே நின்ற சகோதரி கைக்குட்டையை அடிக்கும்போதெல்லாம் அழுக்கு நீர் தெரேசாவின் முகத்தில் தெறித்தது. பின்வாங்கி முகத்தைத் துடைத்திருந்தால் அச்சகோதரி குறிப்பறிந்திருப்பார். அவர் மனம் நோகக் கூடாதென்று தெரேசா அசையாமல் நின்று, தெறித்த துளிகளைக் கொடையாக ஏற்கப் பழகினார். பெருந்தவங்கள் எதையும் நாடாத எளிமை என்பது இத்தகைய கணங்களில் எவ்வளவு கடினமானது என்பதைத் துவைகல்லருகே நின்றவர்களே அறிவர்.

இவ்வாழ்க்கைமுறையை அவர் ‘சிறு வழி’ என்றார். தன் சிறுமையை ஒளிக்காமல், அதை இறைவன் கையில் நம்பிக்கையோடு ஒப்படைப்பதே அதன் பொருள். செப நேரத்தில் தூங்கிவிடுவதைப் பற்றிக்கூட அவர் வருந்தவில்லை. உறங்கும் பிள்ளையும் பெற்றோருக்கு இனியதே என்று ஆறுதல் கொண்டார். 1887இல் உரோமைப் பயணம் சென்றவர், செல்வர் வீடுகளில் படியேறும் உழைப்பை மின்தூக்கி நீக்கிவிட்டதை எண்ணி, புனித நிலையின் செங்குத்தான படிகளில் ஏறமாட்டாத தமக்கு இயேசுவின் கரங்களே மின்தூக்கி என்று எழுதியது, அக்காலப் புதுமையொன்றை ஆன்மிக உவமையாக்கிய அழகிய துணிவு.

இந்த அமைதியை இனிய உணர்ச்சியென்று கொள்வது பிழை. 1896இல் காசநோய் வெளிப்பட்ட நாள்களையொட்டி, மறுவுலகமே இல்லையோ என்னும் இருள் அவர் உள்ளத்தைச் சூழ்ந்து, இறுதிவரை முழுதாக விலகவில்லை. மகிழ்ச்சி போனபின்னும் நம்பிக்கையைக் கைவிடாதது பிள்ளையின் பிடிவாதத்தை ஒத்தது. இருட்டறையில் தாயின் முகம் தெரியாவிட்டாலும் அவள் சேலையைப் பற்றிக்கொண்டிருக்கும் பிள்ளை அது.

1897 செப்டம்பர் 30ஆம் நாள் இருபத்து நான்காம் வயதில் அவர் மறைந்தார். மடத்தலைவியின் பணிப்பால் எழுதிவந்த தன்வரலாற்றின் கடைசிப் பக்கங்களை, பேனாவை மையில் தோய்த்தெடுக்கவும் வலுவின்றிப் பென்சிலால் எழுதினார். முற்றுப்பெறாத அந்த ஏட்டின் இறுதி வாக்கியம், நம்பிக்கையாலும் அன்பாலும் தாம் இறைவனை நோக்கி மேலெழுவதைக் கூறி, ‘அன்பு’ என்னும் சொல்லோடு நின்றுவிடுகிறது.