ஐந்திலிருந்து ஆறுக்கு: ஒரு படியின் வரலாறு

கல்லூரிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அத்திவாரக் கல்லில் தொடங்கி, அதிபர்களின் பெயர்களை வரிசைப்படுத்தி, மண்டபங்களும் மாடிகளும் எழுந்த ஆண்டுகளைக் கூறி, பரீட்சைப் பெறுபேறுகளில் முடிப்பார்கள். இம்மலரிலும் அவை வேறு பக்கங்களில் உள்ளன. நாம் இங்கே எழுத எடுத்துக்கொண்டது சிறியதொரு விடயம். ஒவ்வோர் ஆண்டும் தை மாதத்தில், பத்துப் பதினொரு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி ஊர்ப் பள்ளிக்கூடத்தை விட்டு எமது கல்லூரியின் ஆறாம் வகுப்புக்கு வருகிறாளே, அந்த ஒரு படியைப் பற்றியது இது. அந்தப் படியில் ஏற முடிந்தவர்களே இன்று பழைய மாணவிகள் சங்கத்தில் இருக்கிறோம். ஏற முடியாமற் போனவர்களுக்குச் சங்கமும் இல்லை, நூற்றாண்டு மலரும் இல்லை.

யாழ்ப்பாணத்தில் பெண்கல்வியின் வரலாறு வறியதன்று. உடுவில் மகளிர் பாடசாலை 1824இலும், வேம்படி 1834இலும், சுண்டுக்குளி 1896இலும் தோன்றின. சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் சைவப் பெண்பிள்ளைகளுக்கெனத் தம் கல்லூரியை 1913இல் நிறுவினார். யாழ். இந்து மகளிர் கல்லூரி 1943இல் வந்தது. இந்த ஆண்டுகளை நாம் பெருமையோடு சொல்வது வழக்கம். ஆயினும் எமது பாட்டிமாரிற் பெரும்பாலானோர் இவற்றுள் எதிலும் படிக்கவில்லை. அவர்கள் படித்தவை ஊர்க் கோயிலடியிலும் சந்தியிலும் இருந்த சிறிய தமிழ்ப் பாடசாலைகள். மிஷன் நடத்தியவை சில, சைவ வித்தியா விருத்திச் சங்கம் நடத்தியவை சில. அரிவரியிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை அங்கே படிப்பார்கள். சில இடங்களில் எட்டாம் வகுப்பு வரையும் இருந்தது. அதற்கு மேலே படிப்பதென்றால் ஊரை விட்டு வெளியே போக வேண்டும்.

வெளியே போவதற்குத் தடைகள் இரண்டு. ஒன்று பணமும் மொழியும். தமிழ்ப் பாடசாலையிற் கட்டணம் இல்லை. உத்தியோகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வழிவிட்ட ஆங்கிலப் பாடசாலையிலோ கட்டணம் உண்டு. தமிழ்ப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பு முடித்து வந்த பிள்ளையை ஆங்கிலம் போதாதென்று பெரும்பாலும் ஒன்றிரண்டு வகுப்புக் கீழே இறக்கியே சேர்த்தார்கள். தன் ஊரிற் கணக்கிலும் தமிழிலும் முதலாவதாக நின்றவள், இங்கே தன்னிலும் சிறிய பிள்ளைகளின் நடுவே, உயரமானவள் என்று கடைசி வாங்கில் இருத்தப்பட்டாள். ஒரு வருடம் அப்படி இருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிய பிள்ளைகள் உண்டு. அவர்களைப் படிப்பு ஏறாதவர்கள் என்று ஊர் சொன்னது. அவர்களுக்கு ஏறாதிருந்தது படிப்பன்று, பாஷைதான்.

மற்றத் தடை வயது. ஆண்பிள்ளை பாடசாலை மாறும் பருவத்தில் அவனுக்கு வீட்டில் ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுப்பார்கள். பெண்பிள்ளை பாடசாலை மாறும் பருவத்திலேதான் அவள் பெரியபிள்ளையும் ஆகிறாள். தண்ணீர் வார்த்துச் சடங்கு செய்து முடிந்த கையோடு, "இனி எதுக்கு அவ்வளவு தூரம்?" என்ற கேள்வி வீட்டிலே எழும். பெரும்பாலும் ஆச்சிமாரின் வாயிலிருந்தே அது எழுந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த நாளில் மகளிர் கல்லூரிகள் யாவும் விடுதியை மையமாக வைத்துக் கட்டப்பட்டமைக்குக் காரணம் இதுவே. மதிலும் விடுதித் தாயும் இருந்தாற்றான் தகப்பன்மார் பிள்ளையை அனுப்புவார்கள். அனுப்பிய தகப்பன்மாரிலும் வசதியுள்ளவரின் மகள் கூடார வண்டியிலும் காங்கேசன்துறைப் புகையிரதத்திலும் வந்தாள். கூலிக்குத் தோட்டஞ் செய்தவரின் மகள் வரவேயில்லை.

இந்த நிலைமையை அசைத்தவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. 1931இல் டொனமூர் அரசியற்றிட்டத்தின் கீழ் அரசாங்க சபை அமைந்தபோது கல்விக்கான நிர்வாகக் குழுவின் தலைவரானவர், 1947 வரை அப்பொறுப்பில் இருந்தார். அவரது தலைமையில் அமைந்த விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. 1945 ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. எல்லாப் பாடசாலைகளும் ஒரே நாளில் அத்திட்டத்திற் சேர்ந்துவிடவில்லை. எமது மண்ணிலும் தயங்கியோர் பலர். ஆயினும் கட்டணப் புத்தகம் மெல்ல மெல்ல மூடப்பட்டது.

இலவசக் கல்வியைப் பற்றி எல்லாரும் பேசுவர். இந்தப் படியின் வரலாற்றுக்கு அதனிலும் முக்கியமானவை அதனோடு வந்த மற்ற இரண்டு ஏற்பாடுகள் என்பது எமது எண்ணம். முதலாவது மத்திய பாடசாலைகள். கிராமப்புறங்களில் 54 மத்திய பாடசாலைகள் எழுந்தன. தீவகத்தில் வேலணை மத்திய கல்லூரி எமக்குத் தெரிந்த உதாரணம். ஐந்தாம் வகுப்பில் ஒரு பரீட்சை வைத்து, சித்தியடைந்த ஏழைப் பிள்ளைக்கு அங்கே தங்கிப் படிக்க உதவி கொடுத்தார்கள். இன்றைய புலமைப்பரிசிற் பரீட்சையின் தாய்வேர் அதுவே. இரண்டாவது தாய்மொழிக் கல்வி. ஆரம்ப வகுப்புகள் தாய்மொழிக்கு மாறிய பின், 1950களில் ஆறாம் வகுப்பிலிருந்து மேல்நோக்கி ஆண்டுக்கொரு வகுப்பாக அது ஏறியது. அதனால் ஆங்கிலத்தை இழந்தோம் என்று இன்றும் வருந்துவோர் எங்களுள்ளே இருக்கிறார்கள், அவர்களுடைய வருத்தத்தில் நியாயமும் உண்டு. ஆனால் அந்த மாற்றத்தின் பின்னரே தமிழ்ப் பாடசாலையிலிருந்து வந்த பிள்ளை கீழிறக்கப்படாமல், தன் வயதுப் பிள்ளைகளோடு ஆறாம் வகுப்பில் இருக்க முடிந்தது. எமது சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலைப் பார்த்தாலே இது விளங்கும். முந்திய தலைமுறையில் நகரத்து முகவரிகளே அதிகம். பிந்திய தலைமுறையில் ஊர்களின் பெயர்கள் வரத் தொடங்குகின்றன.

1960இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதும், 1980இல் இலவசப் பாடநூலும் 1993இல் சீருடைத் துணியும் வந்ததும் யாவரும் அறிந்தவை. ஒவ்வொன்றும் ஒரு செலவைக் குறைத்தது. மலையகத்தில் மட்டும் தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் ஐந்தாம் வகுப்போடு நின்றன. அங்கிருந்து எமது விடுதிக்கு வந்த ஓரிரு பிள்ளைகள் இங்கே வர ஒரு முழு நாள் பயணஞ் செய்தார்கள். அவர்களுக்கு இது படியன்று, மலை.

இனி, அந்தப் பரீட்சை. ஏழைப் பிள்ளைக்குக் கை கொடுக்க வந்த புலமைப்பரிசிற் பரீட்சை, காலப்போக்கிற் பிரபல பாடசாலைகளுக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்யும் பரீட்சையாகவும் ஆயிற்று. உதவிப் பணம் வருமான எல்லைக்குட்பட்ட குடும்பங்களுக்கே, வெட்டுப்புள்ளியோ எல்லாருக்கும். ஆகவே வசதியுள்ள வீட்டுப் பிள்ளையும் மூன்றாம் வகுப்பிலிருந்தே தனியார் வகுப்புக்கு ஓடுகிறாள். இருநூறு புள்ளிகளுக்குள் ஒரு பிள்ளையின் பத்து வயது முழுவதையும் அடக்கிவிடுகிறோம். சித்தியடைந்தவளின் படம் பத்திரிகையில் வருகிறது. இரண்டு புள்ளி குறைந்தவளின் தாய் ஒரு கிழமைக்கு வெளியே தலைகாட்டுவதில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லாம் நகரத்துக்கு வந்துவிட, ஊரின் இடைநிலை வகுப்புகள் மெலிந்துபோகின்றன. எமது போன்ற கல்லூரிகளின் பெறுபேறு உயர்வதற்கும் அந்த மெலிவுக்கும் தொடர்பு உண்டு. மலரில் இதை எழுதுவது சிலருக்குப் பிடிக்காமற் போகலாம்.

வெட்டுப்புள்ளியைத் தாண்டி வந்தவளுக்கு என்ன நடக்கிறது என்பதைப் பரீட்சைத் திணைக்களம் சொல்லாது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒரு ரீச்சர்தான். காலையில் தேவாரஞ் சொல்லுவதிலிருந்து மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்பது வரை எல்லாம் அந்த ரீச்சரே. ஆறாந் தரத்திலே பாடத்துக்கு ஒருவர். 'சுற்றாடல்' என்று ஒரே கொப்பியில் எழுதியது விஞ்ஞானம், புவியியல், வரலாறு, குடியியல் என்று பிரிந்துவிடுகிறது. சுகாதாரம், செயன்முறைத் தொழினுட்பம், இரண்டாம் மொழிச் சிங்களம், சங்கீதமோ நடனமோ சித்திரமோ என்று மேலும் நீளுகிறது. நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கிறது. நேரசூசியைப் பார்த்துப் புத்தகம் அடுக்கத் தெரியாமல் எல்லாக் கொப்பிகளையும் சுமந்து வந்து தோள் நொந்த பிள்ளைகள் நாங்கள். கல்லூரியின் ஆரம்பப் பிரிவிலிருந்து வந்தவர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள். எந்த வாங்கு யாருடையதென்பது அவர்களுக்குள் முடிவாகியிருக்கும். புதியவள் எங்கே இருப்பதென்று நிற்பாள். மலசலகூடம் எங்கே என்று கேட்க வெட்கப்பட்டு மணி இரண்டு வரை அடக்கிக்கொண்டிருப்பாள். அந்த வருடத்திலேயே பெரியபிள்ளையும் ஆனால், அந்த வெட்கம் எவ்வளவு பெரிய துன்பம் என்பதை ஆண்கள் எழுதிய கல்வி அறிக்கைகளில் நாம் காணவில்லை.

முதலாந் தவணை றிப்போட் வரும். ஊரில் என்றும் முதலாம்பிள்ளை, இங்கே இருபத்து மூன்றாம்பிள்ளை. அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோன நாளை எங்களிற் பலர் இன்றும் மறக்கவில்லை.

இந்த இடத்தில் அந்தக் கால விடுதி ஒரு நல்ல வழக்கத்தை வைத்திருந்தது. சட்டமாக எங்கும் எழுதிவைக்கப்படாதது. புதிதாக வரும் சின்னப்பிள்ளை ஒவ்வொருத்திக்கும் மேல்வகுப்பு அக்கா ஒருத்தி. பின்னல் பின்னிவிடுவது, நுளம்புவலை கட்டுவது, சீருடைக்கு நீலம் போடப் பழக்குவது, மறுநாள் நேரசூசிப்படி புத்தகம் அடுக்கிக் கொடுப்பது, வீட்டுக்கு எழுதும் தபாலட்டையில் முகவரி எழுதிவிடுவது எல்லாம் அக்காவின் வேலை. இரவிலே தலையணைக்குள் முகத்தைப் புதைத்து அழுதால், "அழாதையடி, வெள்ளிக்கிழமை அப்பா வருவார்" என்று பக்கத்துக் கட்டிலிலிருந்து சொல்வதும் அக்காதான். பெரியபிள்ளையானால் முதலில் தெரிய வருவதும் அவளுக்கே. கணக்குப் பாடமும் அக்காவிடமே விளங்கியது. ரீச்சரிடம் இரண்டாந்தரம் கேட்கப் பயம். அக்காவிடம் நாலாந்தரமும் கேட்கலாம். விடுதிப் பிள்ளைகள் சித்திரை விடுமுறைக்குள் தேறிவிடுவார்கள். வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்துபோன பிள்ளைகளுக்கு அப்படி ஒருவரும் இருக்கவில்லை. அவர்கள் தேற ஒரு வருடமாகும், சிலர் தேறாமலே எட்டாம் ஒன்பதாம் வகுப்பில் நின்றுவிடுவார்கள்.

போர்க்காலத்தில் இந்தப் படியே காணாமற் போனது. 1990இன் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக அளந்து படித்தவர்களே அக்காலத்துப் புலமைப்பரிசிற் பிள்ளைகள். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது கல்லூரிகளும் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் பெயர்ந்தன. காலையில் ஒரு பாடசாலை, மாலையில் இன்னொன்று, அதே வாங்குகளில். ஐந்தாம் வகுப்பை ஓரிடத்திலும் ஆறாம் வகுப்பை மரத்தடியிலுமாகக் கடந்தவர்கள் எங்களுள் இருக்கிறார்கள். அன்று விடுகைப் பத்திரம் இல்லாமல் வந்த பிள்ளையைச் சேர்க்கலாமா என்று விதி பார்த்த அலுவலகங்களும் உண்டு; தாயின் வாய்மொழியை நம்பிப் பதிவேட்டில் பெயர் எழுதிய அதிபர்களும் உண்டு. 2009இல் வன்னியிலிருந்து வந்த பிள்ளைகள் முகாம்களுக்குள்ளேயே ஐந்தாம் வகுப்புப் பரீட்சை எழுதினார்கள். அவர்களிற் சிலர் பின்னர் எமது கல்லூரிக்கு வந்தபோது வயதும் வகுப்பும் பொருந்தவில்லை. எமது பாட்டிமார் காலத்து உயரமான பிள்ளை மறுபடியும் கடைசி வாங்குக்கு வந்துவிட்டாள். இம்முறை காரணம் பாஷையன்று.

சட்டம் இப்போது பிள்ளையின் பக்கம் நிற்கிறது. பாடசாலை செல்வது 1998 தொடக்கம் பதினான்கு வயது வரையும், 2016 தொடக்கம் பதினாறு வயது வரையும் கட்டாயம். ஆனால் விலகும் பிள்ளை ஒரே நாளில் விலகுவதில்லை. கிழமைக்கு ஒரு நாள் வராமல் இருப்பாள், பிறகு இரண்டு நாள். வரவு இடாப்பில் அந்தச் சிவப்புக் கோடுகள் பெரும்பாலும் ஆறாம் ஏழாம் தரங்களிலேயே தொடங்குகின்றன என்று ஆசிரியைகளாக இருந்து ஓய்வு பெற்ற எமது அங்கத்தவர்கள் சொல்லுகிறார்கள்.

ஆகவே இந்த நூற்றாண்டு ஆண்டில் சங்கம் மண்டபத்துக்குப் புதுத் திரைச்சீலை வாங்குவதா, வேறேதும் செய்வதா என்ற பேச்சு வந்தபோது, செயற்குழுவில் நீண்ட விவாதத்தின் பின் அக்கா வழக்கத்தை விடுதிக்கு வெளியேயும் கொண்டுவருவதென்று தீர்மானித்தோம். மார்கழி விடுமுறைக்கு முன்னரே, வரப்போகும் பிள்ளையையும் தாயையும் ஒரு சனிக்கிழமை கல்லூரிக்கு அழைத்து, வகுப்பறை, நூலகம், மலசலகூடம், தண்ணீர்க் குழாய், பஸ் தரிப்பிடம் எல்லாவற்றையும் நடந்து காட்டுவது. ஒரே பஸ் பாதையில் வரும் மேல்வகுப்புப் பிள்ளை ஒருத்தியை அவளுக்கு அக்காவாக அன்றைக்கே அறிமுகஞ் செய்வது. பருவச்சீட்டுக்கு வசதியில்லாதவளுக்கு முதலாந் தவணைக்குச் சங்கம் கொடுப்பது. யாருக்குக் கொடுத்தோம் என்பது வகுப்பாசிரியைக்கும் பொருளாளருக்கும் மட்டும் தெரிந்தாற் போதும். முதலாந் தவணை றிப்போட்டில் நிலை எழுதாமல் விட முடியுமா என்று அதிபரிடம் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. திரைச்சீலை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டுள்ளது.