யெஸ் இசைக்குழுவின் பிற்காலத் தொகுப்புகள்

யெஸ், பாடகர் ஜான் ஆண்டர்சனும் பேஸ் கிட்டார் கலைஞர் கிறிஸ் ஸ்குயரும் 1968இல் லண்டனில் தொடங்கிய புரோகிரசிவ் ராக் இசைக்குழு. இக்குழுவின் பிற்கால இசையை ரசிகர்கள் 'ஃப்ராஜைல்' (1971), 'க்ளோஸ் டு தி எட்ஜ்' (1972) ஆகிய தொகுப்புகளோடு ஒப்பிட்டே எடைபோடுகிறார்கள்.

'க்ளோஸ் டு தி எட்ஜ்' தலைப்புப் பாடல் 18 நிமிடங்களுக்கு மேல் ஓடும். நீரோசையும் பறவைக் குரல்களும் மெல்ல உயர்ந்துவர, சட்டென்று முழுக் குழுவும் பாய்கிறது. ஸ்குயரின் ரிக்கன்பேக்கர் பேஸ் பின்னணியில் அடங்கிக் கிடக்காது. ஸ்டீவ் ஹோவின் கிட்டாருக்குச் சரிக்குச் சரி நிற்கும். பில் புரூஃபர்டின் டிரம்ஸ் அடி எதிர்பார்த்த இடத்தில் விழாது. நடுவில் முழங்கும் பைப் ஆர்கனை ரிக் வேக்மேன் லண்டன் தேவாலயம் ஒன்றில் வாசித்தார். பகுதி பகுதியாகப் பதிவான இசையை ஒலிப்பதிவாளர் எடி ஆஃபர்ட் நாடாவை வெட்டி ஒட்டி ஒரே பாடலாக்கினார். ஐவரும் விட்டுக்கொடுக்காமல் மோதுவதில்தான் இந்த இசையின் உயிர் இருக்கிறது.

1983இல் வந்த '90125' வேறு பாதை. அதன் 'ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்' அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

பிற்காலத் தொகுப்புகளில் உரிய கவனம் பெறாதது 'மேக்னிஃபிகேஷன்' (2001). அப்போது குழுவில் கீபோர்டு கலைஞர் இல்லை. அந்த இடத்தை ஆர்க்கெஸ்ட்ரா நிரப்பியது. ஆண்டர்சன் பாடிய கடைசி யெஸ் ஸ்டுடியோ தொகுப்பும் இதுவே. 'ஃப்ளை ஃப்ரம் ஹியர்' (2011), 1980 வாக்கில் இசைக்கலைஞர்கள் டிரெவர் ஹார்னும் ஜெஃப் டவுன்ஸும் எழுதிய பாடலை 20 நிமிடங்களுக்கும் மேலான தொடராக விரித்தது. கட்டுக்கோப்பான படைப்பு, மெட்டுகள் மனதில் நிற்கின்றன.

'ஹெவன் அண்ட் எர்த்' (2014) ஏமாற்றம்தான். மெட்டுகள் இனிமையானவை, ஆனால் தாளம் தளர்ந்து, பேஸ் ஒதுங்கிவிட்டது. ஸ்குயர் 2015இல் மறைந்தார். ஹோவே தயாரித்த 'தி குவெஸ்ட்' (2021) கொரோனா காலத்தில், உறுப்பினர்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பிரிந்திருந்தபடி உருவானது. ஒவ்வொருவரும் தம் பங்கைச் சுத்தமாக வாசித்திருக்கிறார்கள். ஆனால் ஒருவர் வாசிப்பு இன்னொருவரைச் சீண்டுவதே இல்லை. முதுமையை மட்டும் இதற்குக் காரணமாக்குவது நியாயமல்ல. 'மிரர் டு தி ஸ்கை' (2023) தலைப்புப் பாடலில், எழுபது வயதுகளின் நடுவில் இருந்த ஹோவின் விரல்கள் இன்னமும் புதிய வழிகளைத் தேடுகின்றன. அவரை எதிர்த்து நிற்க இன்னொரு ஸ்குயர் அங்கே இல்லை.