கம்பி எட்டிய தூரம்

பொன்னேரி ஸ்டேஷனில் டிக்கெட் வாங்க நிற்கும்போதெல்லாம் எனக்குத் தகப்பனாரின் ஞாபகம் வரும். நான் சிறுவனாக இருந்தபோது, தூரப் பிரயாணத்துக்கு முன்பதிவு செய்ய அவர் விடியற்காலை வண்டியில் சென்னைக்குப் போவார். சுமார் 35 கிலோமீட்டர்தான். ஆனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும்.

"கம்ப்யூட்டர் அங்கேதானேடா இருக்கு?" என்பார்.

"அதிலிருந்து ஒரு கம்பியை இங்கே இழுத்துவிட்டால் என்ன?" என்று கேட்டேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் பெரிய சரித்திரமே இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

ரயில்வே முன்பதிவுக்குக் கம்ப்யூட்டர் 1985 நவம்பரில் டில்லியில் வந்தது. பிறகு சென்னைக்கும் வந்தது. நடுவே ஒரு கம்ப்யூட்டர்; கவுண்டர்தோறும் ஒரு டெர்மினல். அதில் தட்டும் எழுத்து, மின் துடிப்புகளாக ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பியில் ஓடும். டெர்மினல்களுக்கென்று 1960-களில் அமெரிக்காவில் வகுத்த ஆர்.எஸ். 232 என்ற விதிப்படி, அந்தக் கம்பி 50 அடிக்கு மேல் போகக்கூடாது. ஒரு கல்யாணப் பந்தியின் நீளம்கூட இல்லை!

காரணத்தை நம் ஊர் விவசாயிகளே சொல்லிவிடுவார்கள். காய்ந்த வாய்க்காலில் நீர் விட்டால், வாய்க்கால் குடித்தது போகத்தான் கடைமடைக்குக் கிடைக்கும். கம்பியும் அப்படித்தான், ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் மின்சாரத்தைத் தேக்கிக்கொள்ளும். நீளம் கூடினால் தேக்கமும் கூடும். முந்திய துடிப்பு வடியுமுன் அடுத்தது வந்து சேர, எழுத்தெல்லாம் கலங்கிப் போகும்.

இந்தத் தொல்லையைத் தந்திக்காரர்கள் நூறு ஆண்டுக்கு முன்பே அனுபவித்துவிட்டார்கள். 1858-ல் அட்லாண்டிக் கடலடியில் போட்ட கம்பியில் செய்தி ஊர்ந்தது. ஒயிட்ஹவுஸ் என்பவர் சுமார் 2000 வோல்ட்டைச் செலுத்தி விரட்டிப் பார்த்தார். ஒரு மாதத்துக்குள் கம்பி செத்துப்போயிற்று. வில்லியம் தாம்சனோ, நீளம் இருமடங்கானால் தாமதம் நான்கு மடங்காகும் என்று முன்னமே கணக்குப் போட்டிருந்தார். மறுமுனையில் மிக மெல்லிய துடிப்பையும் காட்டும் கருவியை அவர் செய்தார். 1866-ல் நிலையான கம்பி வந்தது.

கம்ப்யூட்டர்காரர்களும் இதே பாடத்தைத்தான் படித்தார்கள். வேகத்தைக் குறைத்தால் கம்பியை நீட்டலாம். டெலிபிரிண்டரிடமிருந்து 20 மில்லியாம்பியர் சுற்றைக் கடன் வாங்கினார்கள். வோல்ட்டைப் பாராமல், மின்னோட்டம் உண்டா இல்லையா என்று மட்டும் பார்க்கிற முறை அது. 1975-ல் ஆர்.எஸ். 422 வந்தது. முறுக்கிய இரு கம்பிகளுக்கு இடையேயுள்ள வித்தியாசத்தை மட்டும் அது கவனிக்கும். வெளி இரைச்சல் இரண்டிலும் ஒன்றுபோல் விழுவதால் கெடுதல் இல்லை. 50 அடி 4000 அடியாயிற்று. அதற்கும் அப்பால் மோடமும் டெலிபோன் கம்பியும் கைகொடுத்தன.

2002-ல் ரயில் டிக்கெட் இணையத்துக்கே வந்தது. இப்போது நான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முன்பதிவு செய்கிறேன். கடைமடைக்கு நீர் வந்துவிட்டது. தகப்பனார் இருந்திருந்தால், மிச்சமான அந்த ஒரு நாள் சம்பளத்தைத்தான் முதலில் கணக்குப் பார்த்திருப்பார்.