ரெண்டாப் பிளந்த டிரக்டர்: ஒரு கிளட்ச் பிளேட்டும் மாத்தளையின் வரலாறும்

மழை விட்ட ஒரு சனிக்கிழமை, மாமா வீட்டு முற்றத்தில் ஒரு பழைய மாஸி பெர்குசன் 135 ரெண்டு துண்டாக நின்றது. முன்னால் இஞ்சினும் சின்னச் சில்லுகளும், பின்னால் கியர் பொக்ஸும் பெரிய சில்லுகளும். நடுவில் ஓர் ஆள் குந்தி இருந்து வேலை செய்கிற அளவுக்கு இடைவெளி. இவ்வளவும் எதுக்கு? சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் இருக்கிற ஒரு கிளட்ச் பிளேட்டை மாற்ற!

"ஒரு தட்டு மாத்த மெஷினையே பிளக்கணுமா மாமா?"

"இதுக்கு சேசி கிடையாதுடா. இஞ்சினே சேசி."

இந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு தேடிப் போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கிளட்ச் என்ன செய்கிறது என்று பார்ப்போம். இஞ்சினோடு சேர்ந்து சுழலும் பிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட் ஸ்பிரிங் அழுத்தத்தில் இறுகி நிற்கும். அது இறுகி இருக்கும்வரை இஞ்சினின் சுழற்சி கியர் பொக்ஸுக்குப் போகும். பெடலை மிதித்தால் பிடி விடும். பிளேட்டின் இரு பக்கமும் ஒட்டியிருக்கும் லைனிங் தேய்ந்துபோனால் பிடி வழுக்கும். இஞ்சின் கத்தும், வண்டி நகராது, எரிந்த நாத்தம் வரும். சில நேரம் பெடலின் தளர்வைச் சரிசெய்தாலே போதும். அதுக்கும் சரிவராவிட்டால் பிளந்துதான் ஆகணும்.

கார், லொறி போல தனியாக ஒரு இரும்புச் சட்டத்தின் மேல் இஞ்சினை உட்கார வைக்காமல், இஞ்சின், கியர் பொக்ஸ், பின் அச்சு மூன்றையும் நேராகப் போல்ட் போட்டு இணைத்து, அதையே வண்டியின் முதுகெலும்பாக்குவது ஒரு பழைய யோசனை. அதை உலகெங்கும் பரப்பியது 1917இல் உற்பத்திக்கு வந்த ஹென்றி ஃபோர்டின் ஃபோர்ட்சன் டிரக்டர். எடையும் குறைவு, விலையும் குறைவு. அயர்லாந்துக்காரரான ஹரி பெர்குசன் 1938இல் ஃபோர்டோடு கைகுலுக்கி ஓர் ஒப்பந்தம் செய்தார். எழுத்தில் எதுவும் இல்லை. பின்னாளில் அது முறிந்து வழக்காகி, 1952இல் 92.5 லட்சம் டொலர் இழப்பீட்டோடு முடிந்தது. அதற்கிடையில் 1946 முதல் இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் பெர்குசன் டி.ஈ.20 தயாராகி, பத்து ஆண்டுகளில் ஐந்து லட்சத்துக்கு மேல் வெளிவந்தது. 1953இல் பெர்குசன் கம்பனி மாஸி ஹரிஸோடு சேர்ந்தது. அந்த வழியில் வந்தவைதான் 35உம், 1964இல் வந்த 135உம்.

இலங்கை வயலில் அதுவரை எருமைதான் எல்லாம். உழவும் அதுதான், சூடு மிதிப்பும் அதுதான். டிரக்டர் வந்து ரெண்டு வேலையையும் பிடுங்கிக்கொண்டது. களத்தில் கதிரைப் பரப்பி, அதன் மேல் டிரக்டரைச் சுற்றிச் சுற்றி ஓட்டி நெல்லைப் பிரித்தார்கள். போகம் முடிந்தால் பின்னால் பெட்டியைக் கொழுவி மணல், செங்கல், விறகு, திருவிழாச் சனம் என்று எல்லாம் ஏற்றினார்கள். நின்று நின்று எடுக்கிற ஓட்டம், அரைக் கிளட்சில் வைத்து ஏற்றுகிற ஏற்றம். மாத்தளை போன்ற மேடு பள்ள ஊரில் கிளட்ச் பிளேட் பாவம்தான்.

மலைச்சரிவின் சின்னச் சின்ன வரப்பு வயலுக்குள் பெரிய டிரக்டர் இறங்காது. அந்த இடத்தை நிரப்பியது இரு சக்கர உழவு இயந்திரம். இன்றைக்கும் நம்ம ஊரில் எந்தக் கம்பனி இரு சக்கர மெஷினையும் 'லேண்ட்மாஸ்டர்' என்றே சொல்கிறோம், இல்லையா? அந்த லேண்ட்மாஸ்டரை 1950களில் வடிவமைத்தவர் கேம்பிரிட்ஜில் படித்த இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன (1924–2010). தயாரித்தது இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் கம்பனி ஒன்று. 1960களில் ஹார்வர்டில் இதைப் பற்றி அவர் பேசி முடித்ததும் ஒரு பேராசிரியர் கேட்டாராம்: நீங்கள் இயந்திரமாக்கியது விவசாயத்தையா, எருமையையா? எருமையைத்தான் என்று தானே ஒத்துக்கொண்டதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அதன் பிறகு அவர் கவனம் மண்ணைக் கிளறாமல் காக்கும் விவசாயத்தின் பக்கம் திரும்பியது.

ஆனால் ஊருக்குள் வந்த எருமையைத் திருப்பி அனுப்ப முடியுமா? 1976இல் பொல்கொல்லையில் மறிக்கப்பட்ட மகாவலித் தண்ணீர் சுரங்கம் வழியாக உக்குவெலைக்கு வந்து, அங்கிருந்து போவதென்ன பக்கமாக உலர்வலயத்துக்கு ஓடத் தொடங்கியது. மாவட்டத்தின் வடக்கே கலேவெல, தம்புள்ளைப் பக்கம் நெல்லோடு பெரிய வெங்காயமும் முக்கியப் பயிரானது. டிரக்டருக்கு வேலை கூடியது.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1970 முதல் 1977 வரை அரசு இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. புது டிரக்டர் மட்டுமில்லை, உதிரிப்பாகமும் தட்டுப்பாடு. புதுத் தட்டு இல்லையென்றால் பழைய தட்டின் ரிவெட்டைத் துளைத்து எடுத்து, வேறு லைனிங் வைத்து அடிப்பது ஒரு வழி. எங்க தாத்தா தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் இஞ்சின் பார்த்தவர். மாமா லைனிங் அடிக்கப் பழகியது அவரிடம்தான். அந்தக் காலத்து லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருந்தது. அந்தத் தூசியை வாயால் ஊதித் தள்ளிய தலைமுறை அது. அது நுரையீரலை அரிக்கும் என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? நீங்கள் பழைய கிளட்சைத் திறந்தால் ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடையுங்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு உறுத்துகிறது. தாத்தாவின் முன்னோர் மன்னாரில் கரையிறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் காட்டுப்பாதையில் நடந்து வந்தவர்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1972 காணிச் சீர்திருத்தம் ஓர் ஆள் வைத்திருக்கக்கூடிய காணியை 50 ஏக்கராகவும், வயலென்றால் 25 ஏக்கராகவும் மட்டுப்படுத்தியது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாகின. ஆனால் அந்த மண்ணில் உழைத்தவர்களுக்கு அது வரவில்லை. மத்திய மலைநாட்டில் பல தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்ட சனம் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய் காடு வெட்டிக் குடியேறியது. பிறகு 1977, 1983 வன்முறைகளும் வந்தன.

மாமா இதுவரை எத்தனை பேருடைய டிரக்டரைப் பிளந்து பொருத்தியிருப்பார் என்று அவருக்கே கணக்கில்லை. உழுவதற்கு அவருக்கு ஒரு பேர்ச் வயல் கிடையாது. பிளந்து வைத்திருக்கிற முற்றத்துக்கும் உறுதி இல்லை. இந்த 135உம் கலேவெலப் பக்கத்து வெங்காயக்காரர் ஒருவருடையது.

இருந்தாலும் அந்த வண்டியை அறிந்தவர் மாமாதான். பிளக்குமுன் முன் அச்சுக்கும் அதன் தாங்கிக்கும் நடுவில் ரெண்டு பக்கமும் மரக்கட்டை செருகினார். அந்த அச்சு நடுவில் மட்டும்தான் கொழுவியிருக்கும், கட்டை இல்லாவிட்டால் பிரிந்த இஞ்சின் ஒரு பக்கம் சரிந்து ஆளை நசுக்கும். புதுத் தட்டை நடுவுக்குக் கொண்டுவர ஒரு மர உருளையைத் தானே செதுக்கி வைத்திருந்தார். ரெண்டு பாதியையும் சேர்க்கும்போது கடைசி ஓரங்குலம் மறுத்தது. நான் போல்ட்டை இறுக்கப் போனேன், கையைப் பிடித்துவிட்டார். "இழுத்து இறுக்கினா ஒண்ணு உடையும். பிளைவீலைக் கொஞ்சம் திருப்பு, பல்லு பல்லோட உக்காரும்." திருப்பினேன். டக் என்று உட்கார்ந்தது.

போட்ட தட்டு இந்தியாவிலிருந்து வந்தது. 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே, மாஸி பெர்குசன் 35ஐ அடியொற்றிய டிரக்டர்களை இன்றும் செய்கிறது. அதனால் அந்தக் குடும்பத்துப் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2022இல் டொலரே இல்லாமல் நாடு திண்டாடியபோது மறுபடி பழைய வண்டிகளுக்கு மவுசு வந்தது. மாமா வீட்டு முற்றத்திலும் வரிசை நீண்டது.

லேண்ட்மாஸ்டரைச் செய்தவருடைய பெயர் நமக்குத் தெரியும். தெரியணும். பெர்குசனின் பெயர் வண்டியின் முகத்திலேயே இருக்கிறது. ஆனால் அறுபது வருசமாக அந்த வண்டிகளை ஓட வைத்த கைகளைப் பற்றி எங்கேயாவது ஒரு பக்கம் எழுதியிருக்கிறதா? உங்கள் லயத்திலோ ஊரிலோ அப்படி ஒருத்தர் இருந்தால் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். எப்போ, யாரிடம், எந்த மெஷினில் பழகினார் என்று கேட்டு எழுதி வையுங்கள். மாமாவுக்கு இப்போ அறுபத்தெட்டு வயசு. நான் எழுதத் தொடங்கிவிட்டேன்.