இரண்டு நிமிஷத்துக்கு இரண்டு மணி

என் நண்பர் ஒருவர் பாங்கில் நாற்பது வருஷம் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். கணக்கில் ஒரு காசு உதைத்தாலும் அன்று இரவு அவருக்குத் தூக்கம் வராது. அப்பேர்ப்பட்ட மனிதருக்கு இந்த வயதில் ஒரு பைத்தியம் பிடித்திருக்கிறது. சீட்டாட்டமா என்றால் இல்லை. ஷேர் மார்க்கெட்டா என்றால் அதுவும் இல்லை. ரோலர் கோஸ்டர்! அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போன இடத்தில், பத்து வயதுப் பேத்தி கையைப் பிடித்து இழுத்தாள் என்று ஏறினாராம். அன்றிலிருந்து அவருக்கு வேறு பேச்சே கிடையாது.

"எவ்வளவு நேரம் ஓடும் ஸார் அந்த வண்டி?" என்று கேட்டேன்.

"இரண்டு நிமிஷம்."

"க்யூவில் எவ்வளவு நேரம் நின்றீர்கள்?"

"இரண்டு மணி."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "நீங்கள் கதை எழுதுகிறவர், உங்களுக்கே இது தெரிய வேண்டாமா? அந்த இரண்டு மணியும் சேர்ந்ததுதான் ஸார் ரோலர் கோஸ்டர். நிற்காமல் போய் ஏறினால் அது வெறும் குலுக்கல்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நின்றதில் எனக்கு வருத்தமில்லை. பக்கத்திலேயே இன்னொரு வரிசை. கூடுதலாகப் பணம் கட்டினவர்கள் எங்களைத் தாண்டிக்கொண்டு விறுவிறு என்று போனார்கள். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை" என்று சொன்னார்.

பேச்சு அத்தோடு முடிந்துவிட்டது. ஆனால் அவர் சொன்னது என்னை விடவில்லை. இந்த விந்தையான வண்டியின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் துருவிப் பார்த்தேன். அதன் கதையோடு வரிசையின் கதையும் சேர்ந்தே வருகிறது.

முதல் அத்தியாயம் ரஷ்யாவில். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில், குளிர் காலம் வந்துவிட்டால் பீட்டர்ஸ்பர்க் பக்கத்து ஜனங்கள் மரச் சட்டங்களைக் கொண்டு 70, 80 அடி உயரத்துக்குச் சரிவு கட்டுவார்கள். அதன் மேல் தண்ணீரை ஊற்றினால் ராத்திரிக்குள் உறைந்து கண்ணாடியாகிவிடும். பின்புறம் படிக்கட்டு. மூச்சு வாங்க ஏற வேண்டியது; சறுக்குக் கட்டையில் உட்கார வேண்டியது; கண்ணை மூடித் திறப்பதற்குள் கீழே வந்துவிட வேண்டியது. மறுபடியும் படிக்கட்டு! காதரின் சக்கரவர்த்தினிக்கும் இந்த ஆசை உண்டு. ஆனால் சக்கரவர்த்தினி பனிக்காகக் காத்திருக்க முடியுமா? ஒரானியன்பாம் தோட்டத்தில் கோடையிலும் உருண்டு இறங்கும்படியாகச் சக்கரம் வைத்த வண்டிகளோடு ஒரு சறுக்கு மலை எழுந்தது. ரினால்டி என்ற இத்தாலியச் சிற்பி அமைத்தது. சரிவுப் பாதை பிற்காலத்தில் போய்விட்டது. நீலமும் வெள்ளையுமான அதன் மண்டபம் மட்டும் நிற்கிறது.

1817-ல் இந்த விளையாட்டு பாரிஸுக்கு வந்து சேர்ந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு 'ரஷ்ய மலைகள்' என்று பெயர் வைத்தார்கள். இன்று வரை அவர்கள் பாஷையில் அதுதான் பெயர். வேடிக்கை என்னவென்றால், ரஷ்யர்கள் அதே சாமானை 'அமெரிக்க மலைகள்' என்கிறார்கள்! குழந்தை அழகாயிருந்தால் இரு வீட்டாரும் எங்கள் ஜாடை என்பார்கள். விஷமம் செய்தால் உங்கள் ஜாடை என்பார்கள். இது இரண்டாவது ரகம் போலிருக்கிறது.

அமெரிக்காவுக்கு இந்தப் பெயர் சும்மா கிடைத்துவிடவில்லை. பென்ஸில்வேனியா மாகாணத்தில் மாக் சங்க் என்ற ஊர். மலை மேல் நிலக்கரிச் சுரங்கம், கீழே ஆறு. நிலக்கரியைக் கீழே கொண்டுவர 1827-ல் சுமார் 9 மைல் நீளத்துக்குத் தண்டவாளம் போட்டார்கள். எஞ்சின் கிடையாது. மலைச் சரிவே எஞ்சின். கரி வண்டிகள் தாமாகவே உருண்டு அரை மணியில் கீழே வந்துவிடும். காலி வண்டிகளை மேலே இழுத்துப் போகக் கோவேறு கழுதைகள். அதற்கு மூன்று நான்கு மணி பிடிக்கும். அந்தக் கழுதைகளையும் இறங்கும்போது ஒரு வண்டியில் ஏற்றிக் கரியோடு கீழே அனுப்பினார்கள். சவாரியில் ருசி கண்ட கழுதைகள் அப்புறம் கீழே நடந்து வர அடியோடு மறுத்துவிட்டன என்று அந்த ஊர்க் கதை சொல்கிறது. உலகத்தின் முதல் ரோலர் கோஸ்டர் ரசிகர்கள் அவைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. என்ன பாடுபட்டு மேலே ஏற வேண்டியிருந்தாலும் ஏறின. அந்த அரை மணியை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

1840-களில் காலி வண்டிகளை இழுக்க நீராவி யந்திரம் வந்துவிட்டது. 1870-களில் கரிக்கு வேறு ரயில் பாதை கிடைத்ததும், பழைய பாதை முழுக்க முழுக்க உல்லாசப் பிரயாணிகளுக்கென்றே ஓடியது. 1933 வரையில் ஓடி, பிறகு பழைய இரும்பு விலைக்குப் போயிற்று.

வாகனம் இப்படிப் பிழைப்பிலிருந்து பொழுதுபோக்குக்கு வந்தது. அதை ஊருக்கு நடுவில் கொண்டுவந்து காசாக்கியவர் லாமார்க்கஸ் தாம்ஸன். காலுறை நெய்து விற்றவர். நல்ல பக்திமான். ஜனங்கள் மதுக்கடையிலும் அதைவிட மோசமான இடங்களிலும் பொழுதைப் போக்குகிறார்களே, அவர்களுக்கு யோக்கியமான ஒரு குதூகலம் வேண்டாமா என்பது அவர் கவலையாம். 1884 ஜூன் மாதம் நியூயார்க் கடற்கரையான கோனி தீவில் 600 அடி நீளத்துக்கு மேடுபள்ளமாக ஒரு மரப் பாதை கட்டித் திறந்தார். கட்டணம் 5 செண்ட். வேகம் மணிக்கு 6 மைல். நம் ஊர்ச் சைக்கிள்காரன் முந்திவிடுவான்! ஒரு முனைக்குப் போனதும் எல்லாரும் இறங்க வேண்டும். ஆட்கள் வண்டியை அடுத்த தடத்துக்கு மாற்றித் தள்ளிவைப்பார்கள். திரும்பவும் ஏற வேண்டும். இதற்கே ஜனங்கள் முண்டியடித்துக்கொண்டு வந்து காத்து நின்றார்கள். போட்ட முதல் சில வாரங்களிலேயே திரும்பிவிட்டது.

அந்த வரிசையில் பட்டறைத் தொழிலாளியும் நின்றான். பட்டுக்குடை பிடித்த சீமாட்டியும் நின்றாள். எல்லாருக்கும் அதே 5 செண்ட்.

கூட்டம் வந்துவிட்டால் போட்டியும் வரத்தானே செய்யும்? அடுத்த வருஷமே வண்டியை யந்திரத்தால் மேட்டுக்கு இழுத்துப் போகும் ஏற்பாட்டை ஒருவர் செய்துவிட்டார். 1895-ல் இன்னொருவர் அதே கோனி தீவில், மனிதனைத் தலைகீழாகச் சுற்றும் வட்டப் பாதையைக் கட்டினார். வட்டம் சரியான வட்டமாக இருந்ததுதான் வினை. வேகமாக வந்த வண்டி திடீரென்று வளையத்தில் ஏறும்போது பிரயாணிகளின் கழுத்து சுளுக்கிக்கொண்டது. 1901-ல் வளையத்தை முட்டை வடிவமாக்கி அந்தக் குறையைப் பெரும்பாலும் நீக்கினார்கள். ஆனாலும் அதுவும் நிலைக்கவில்லை. காரணம் கழுத்தல்ல, கணக்கு. ஒரு தடவைக்கு நாலு பேர்தான் போக முடியும். வேடிக்கை பார்க்கத்தான் ஏராளமான கூட்டம். எத்தனை அதிசயமான யந்திரமானாலும், மணிக்கு இத்தனை தலை என்று கணக்கு உதைத்தால் மூட வேண்டியதுதான்.

ஜான் மில்லர் என்ற நிபுணர் வந்த பிறகு இந்தத் தொழிலுக்குப் புது உயிர் வந்தது. சங்கிலி அறுந்தால் வண்டி பின்னால் உருண்டுவிடாமல் பிடித்துக்கொள்ளும் பல் அமைப்பை உண்டாக்கியவர் அவர். மேடு ஏறும்போது 'டக், டக், டக்' என்று வயிற்றைக் கலக்கும் சத்தம் கேட்கிறதே, அது உண்மையில் ஆபத்தின் சத்தமல்ல, பாதுகாப்பின் சத்தம்! தண்டவாளத்துக்கு அடியிலும் ஒரு சக்கரத்தை வைத்து, வண்டி துள்ளினாலும் பாதையை விட்டு எழும்ப முடியாதபடி செய்தவரும் அவரே. அதன் பிறகுதான் செங்குத்தாக இறக்கிவிடும் தைரியம் மற்றவர்களுக்கு வந்தது.

அந்தத் தைரியத்தில் பிறந்தது 1927-ல் கோனி தீவில் எழுந்த 'ஸைக்ளோன்'. 85 அடி உயரம். மணிக்கு 60 மைல். கட்டணம் 25 செண்ட். ஓடுகிற நேரம் இரண்டு நிமிஷம்கூட இல்லை. 1948-ல், பல வருஷங்களாகப் பேச்சிழந்திருந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவர் இதில் ஏறி முதல் இறக்கத்தில் வாய்விட்டு அலறினாராம். இறங்கியதும், வயிற்றைப் புரட்டுகிறது என்று தெளிவாகச் சொன்னாராம். இந்த வைத்தியத்துக்கு நான் உத்தரவாதமில்லை! 1970-களில் ஸைக்ளோனை இடிக்கும் யோசனை வந்தபோது ஊர் ஜனங்கள் விடவில்லை. 1988-ல் நகரமே அதைப் புராதனச் சின்னமாக அறிவித்தது.

எல்லா வண்டிகளுக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1930-களின் பொருளாதார மந்தமும் அப்புறம் வந்த யுத்தமும் நூற்றுக்கணக்கான மரப் பாதைகளை விறகாக்கிவிட்டன. மறுபிறப்பு 1950-களில் வந்தது. 1955-ல் கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து திறந்தது. 1959-ல் அங்கே 'மாட்டர்ஹார்ன்' என்ற செயற்கை மலையைக் கட்டி, உருக்குக் குழாயாலான பாதையை முதல்முதலாகப் போட்டார்கள். ரயில்வேயில் முன் வண்டி ஒரு பகுதியை விட்டுப் போகும் வரையில் பின் வண்டியை அதற்குள் விடமாட்டார்கள் அல்லவா? அந்த முறையையே இங்கும் கையாண்டு, ஒரே பாதையில் பல வண்டிகளை அடுத்தடுத்து ஓட்டினார்கள். வரிசை வேகமாக நகர்ந்தது.

அப்போதெல்லாம் ஒவ்வொரு சவாரிக்கும் தனி டிக்கட். பெரிய சவாரிக்குப் பெரிய டிக்கட், சின்னதற்குச் சின்னது. 1961-ல் டெக்ஸஸில் திறந்த ஒரு பூங்காவோ, வாசலில் ஒரே கட்டணம் வாங்கிக்கொண்டு, உள்ளே எதில் வேண்டுமானாலும், எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம் என்றது. மெள்ள மெள்ள எல்லாப் பூங்காக்களும் அந்த வழிக்கு வந்தன. டிஸ்னிலாந்தும் 1982-ல் தனி டிக்கட்டுகளை விட்டது.

என்ன தாராளம் என்று தோன்றும். ஆனால் உலகத்தில் எதுவும் இனாமாகக் கிடைத்துவிடாது. சவாரிக்குக் காசு இல்லையென்றானதும், நேரம் அதன் விலையாகிவிட்டது. நல்ல சவாரிக்கு இரண்டு மணி. சுமாரானதற்குப் பத்து நிமிஷம். கோவணம் மடித்த மாதிரி மடித்து மடித்து வளைத்த கம்பிகளுக்கு நடுவே வரிசை பாம்பாக நெளிந்தது. இருந்தாலும் அதில் ஒரு நியாயம் இருந்தது. பணத்தைப் போல நேரம் ஒருவனிடம் மூட்டையாகவும் மற்றவனிடம் முடிச்சாகவும் இருப்பதில்லை. லட்சாதிபதிக்கும் நாளுக்கு 24 மணிதான்.

1999-ல் டிஸ்னி பூங்காக்களில் ஒரு புது ஏற்பாடு வந்தது. யந்திரத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு, அதில் குறித்த நேரத்துக்கு வந்தால் சீக்கிரம் ஏறலாம். அது எல்லாருக்கும் இலவசம். 2021-ல் அதை எடுத்துவிட்டு, பணம் கட்டினால்தான் விரைவு வரிசை என்று ஆக்கினார்கள். மற்றப் பூங்காக்கள் பலவற்றில் இந்த வியாபாரம் அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது.

இதில் என்ன தவறு, அவரவர் பணம் அவரவர் சௌகரியம் என்று கேட்கலாம். நண்பரின் பாங்குக் கணக்கு முறையிலேயே அதைப் பார்த்துவிடுவோம். உதாரணத்துக்கு, 24 பேர் உட்காரும் வண்டி இரண்டு நிமிஷத்துக்கு ஒன்று புறப்படுகிறது. மணிக்கு 720 பேர். உங்களுக்கு முன்னால் 1,440 பேர் நின்றால் காத்திருப்பது இரண்டு மணி. இப்போது ஒவ்வொரு வண்டியிலும் பாதி இடத்தைப் பணம் கட்டின வரிசைக்குக் கொடுத்துவிடுவோம். உங்கள் வரிசையில் ஒரு தலைகூடக் கூடவில்லை. ஆனால் இரண்டு மணி நாலு மணியாகிவிடுகிறது! பணம் கட்டினவர் வாங்கியது பூங்காக்காரரின் நேரத்தை அல்ல, உங்கள் நேரத்தை. விற்றவர் பூங்காக்காரர், காசும் அவருக்கே. சரக்கு மட்டும் உங்களுடையது.

அமெரிக்காவில் ரோலர் கோஸ்டர் ரசிகர்களுக்கென்றே 1978-லிருந்து ஒரு சங்கம் இருக்கிறது. எந்த மரப் பாதை எந்த வருஷத்தது, எந்த இறக்கத்தில் உடம்பு ஆசனத்தை விட்டு எழும்பும் என்பதெல்லாம் இப்படிப்பட்ட ரசிகர்களுக்கு மனப்பாடம். அவர்களிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் என்ன சொல்வார்களோ! என் நண்பரிடம் சொன்னேன். கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்து, "சரியாகத்தான் இருக்கிறது" என்று தலையாட்டினார். ஆனால் அவர் மனத்தில் இருந்தது வேறு கணக்கு.

"அன்றைக்கு வரிசையில் நிற்கும்போது குழந்தைக்குப் பயம் வந்துவிட்டது. கூப்பிட்டு வந்தவளே அவள்தான். 'தாத்தா, போயிடலாம்' என்றாள். 'அந்த வளைவு வரைக்கும் போவோம், அப்புறம் பார்க்கலாம் அம்மா' என்றேன். வளைவு வந்தது. 'இன்னும் ஒரு வளைவு' என்றேன். மூன்று தடவை திரும்பப் பார்த்தாள் ஸார். மேலே போகிறவர்கள் அலறுவதைக் கேட்டாள். இறங்கி வருகிறவர்கள் சிரிப்பதையும் பார்த்தாள். கடைசி வளைவில் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்."

"சரி, அடுத்த தடவை போனால் கூடுதல் பணம் கட்டுவீர்களா?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"கால் வலிக்கிறது, கட்டினாலும் கட்டிவிடுவேன். ஆனால் அப்படிப் போனால் குழந்தை எந்த இடத்தில் ஸார் தைரியப்படுவாள்?" என்றார்.